லண்டன்ல ட்ரெய்னி வக்கீலா இருக்குற பொண்ணை நினைச்சு தூங்காம இருக்குற அம்மாவுக்கு

அக்கா, உங்க வாய்ஸ் நோட்டை ரெண்டு தடவை கேட்டேன். காலைல 5 மணிக்கு பால் காய்ச்சும்போது போன் போட்டா அங்க ராத்திரி 11.30, இன்னும் ஆபீஸ்லதான்மான்னு சொல்றா, பெங்களூர்ல 5 வருஷம் சட்டம் படிச்சவ கோர்ட் பக்கமே போகாம பேப்பர் சரிபார்த்துக்கிட்டு இருக்கா, ஏமாந்துட்டோமோன்னு கேட்டீங்க. ஏமாறலக்கா.

மொதல்ல கோர்ட் விஷயம். இங்கிலாந்துல வக்கீல் ரெண்டு வகை. விக் வச்சு கோர்ட்ல வாதாடுறவர் பாரிஸ்டர், க்ளையன்ட் கூட உக்காந்து ஒப்பந்தமும் கேஸும் தயார் பண்றவர் சொலிசிட்டர். உங்க பொண்ணு ரெண்டாவது. நம்ம ஊர்ல ஒரே ஆள் ரெண்டையும் பார்க்குறதால நமக்கு இது சட்டுனு பிடிபடாது. ட்ரெய்னிங் 2 வருஷம், பொதுவா 6 மாசத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட்னு 4 இடம், அதைத்தான் சீட்டுன்னு சொல்றா. சிலருக்கு ஒரு சீட் சிங்கப்பூர், துபாய் ஆபீஸ்ல கூட கிடைக்கும்.

இப்ப அவ இருக்குறது கார்ப்பரேட் சீட். ஒரு கம்பெனி இன்னொன்னை வாங்கும்போது விக்கிறவங்களோட ஒப்பந்தம் எல்லாத்தையும் டேட்டா ரூம்னு ஆன்லைன்ல போட்டு வைப்பாங்க, அதுல ட்ரெய்னி ஒவ்வொன்னா படிச்சு, முதலாளி மாறினா இந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணலாம்னு எங்கயாவது ஒரு வரி ஒளிஞ்சிருக்கான்னு தேடணும், அதை விட்டுட்டா வாங்குறவருக்கு பெரிய கஸ்டமரே கை நழுவிப் போகலாம். இதைத்தான் நீங்க பேப்பர் சரிபார்க்குறதுன்னு நினைக்கிறீங்க. கையெழுத்து நாள்ல மூணு நாட்டுல இருக்குற டைரக்டர்கள்கிட்ட கையெழுத்துப் பக்கம் வாங்கணும், ஒருத்தர் ஃப்ளைட்ல இருப்பார், இன்னொருத்தர் பழைய டிராஃப்ட்ல போட்டு அனுப்பிருப்பார், எல்லாம் சரியாகுற வரைக்கும் பணம் கை மாறாது, அதனாலதான் நடுராத்திரி. டீல் முடிஞ்சா அடுத்த வாரம் 6.30க்கே வீட்டுக்குப் போவா.

எனக்கு உண்மையா கவலை வேற இடத்துல. அங்க நேரத்தை 6 நிமிஷம் 6 நிமிஷமா எழுதி வைக்கணும். 3 மணி நேரம் ஆன வேலைக்கு, நாம மெதுவா செஞ்சுட்டோம்னு வெட்கப்பட்டு 2 மணி நேரம்னு எழுதுற பிள்ளைங்க நிறைய. அப்படி எழுதவே வேண்டாம்னு சொல்லுங்க, க்ளையன்ட்டுக்கு எவ்வளவு பில் போடணும்னு மேல இருக்குறவங்க பார்த்துப்பாங்க. மெயில் தப்பான ஆளுக்குப் போயிட்டா கூட அந்த நிமிஷமே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடணும். தப்பு பண்ணா திட்டோட போயிரும், ஆனா அதை மறைக்கப் போய் லைசென்ஸையே இழந்த ஜூனியர்கள் அந்த நாட்டுல உண்டு. நல்ல மார்க்கு வாங்கியே வளர்ந்த பிள்ளைக்கு தப்பை ஒத்துக்குறது ரொம்ப கஷ்டம்க்கா, வீட்டுல இருந்து நீங்க தைரியம் சொன்னாதான் வரும்.

சம்பளம் பத்தி கேட்டீங்க. லண்டன் பெரிய ஃபர்ம்கள்ல ட்ரெய்னிக்கே வருஷம் 50,000 பவுண்டுக்கு மேல, ட்ரெய்னிங் முடிச்சு முழு சொலிசிட்டரா தகுதி வாங்கினதும் 2024ல இருந்து சில இடத்துல 1,50,000 பவுண்டு. ஆனா அந்த வேலை தானா வராது. கடைசி சீட்டுல இருக்கும்போதே எந்த டிபார்ட்மென்ட் வேணும்னு அப்ளை பண்ணணும், அங்க இடம் இல்லேன்னா வெளிய தேடணும், அவ விசா இப்ப இருக்குற ஃபர்ம் ஸ்பான்சர் பண்ணதுங்கறதால புது ஸ்பான்சரும் வேணும். அதனால மூணாவது சீட்டுலயே மனசுல ரெண்டு டிபார்ட்மென்ட் வச்சிருக்கச் சொல்லுங்க.

காலைல 5 மணி போன் வேண்டாம்க்கா. சனிக்கிழமை நம்ம சாயங்காலம் 3.30க்கு போடுங்க, இப்ப குளிர்காலத்துல அங்க காலை 10 மணி. எப்ப தூங்குன, என்ன சாப்பிட்டன்னு கேளுங்க. மூணு வாரம் தொடர்ந்து ஒரு நாள் கூட லீவு இல்லேன்னு சொன்னா, ட்ரெய்னிகளைப் பார்த்துக்குற ஹெச்ஆர் ஆள்கிட்ட பேசச் சொல்லுங்க. ஆபீஸ்ல பேச தயங்கினா வக்கீல்களுக்குன்னே லாகேர்னு ஒரு தொண்டு அமைப்பு இருக்கு, இலவசமா பேசலாம், சொன்னது வெளிய போகாது.