மைக்ரோகன்ட்ரோலர் போர்டு: புதிதாகத் தொடங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எலக்ட்ரானிக்ஸும் தெரியாது, நிரல் எழுதிய பழக்கமும் இல்லை. நிரல் எழுதி ஏற்றி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் இந்தச் சின்ன போர்டுகளில் அர்டுயினோ ஊனோவா, இஎஸ்பி32-ஆ, ராஸ்ப்பெரி பை பைக்கோவா? எதில் தொடங்குவது?

பதில்: ஊனோ ஆர்3. மூன்றில் மெதுவானது அதுதான். 16 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கிலோபைட். இஎஸ்பி32-இல் 240 மெகாஹெர்ட்ஸும் வைஃபையும் இருக்கின்றன. ஆனாலும் முதல் மாதத்தில் நீங்கள் செய்யப்போவது தப்பாக வயர் மாட்டுவதுதான். ஊனோ அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இஎஸ்பி32, பைக்கோ இரண்டின் பின்களும் (போர்டில் வயர் மாட்டும் இணைப்பு முனைகள்) 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சென்சாரின் அவுட்புட்டை மறதியாக நேரே கொடுத்தால் பின் போய்விடலாம். பைதான் ஏற்கெனவே தெரியும் என்றால் மட்டும் பைக்கோவில் மைக்ரோபைதான் (இந்தப் போர்டுகளுக்கான சின்ன பைதான்) போட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: அண்ணா, போர்டில் விளக்கு எரிகிறது. ஆனால் நிரல் எழுதி ஏற்றும் மென்பொருளான அர்டுயினோ ஐடிஇ-யில் போர்ட் (போர்டு மாட்டியிருக்கும் யுஎஸ்பி இணைப்பு) காட்டவே இல்லை. மூன்று முறை மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டேன்.

பதில்: மென்பொருளை விடுங்கள் தம்பி, கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் யுஎஸ்பி கேபிள்கள் உண்டு. உள்ளே மின்சாரத்துக்கு இரண்டு வயர்தான், டேட்டா வயர் கிடையாது. போர்டு எரியும், கணினிக்கோ அது இருப்பதே தெரியாது. நானும் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன். கேபிள் சரி என்றால், போர்டில் சிஎச்340 என்று எழுதிய சிப் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கான டிரைவர் வேண்டியிருக்கலாம். போர்ட் தெரிந்தும் நிரல் அப்லோட் ஆகவில்லையா? 0, 1 பின்களில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். ஊனோவில் கணினியோடு பேசும் வழியும் அதுவே.

கேள்வி: எல்இடியை ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) இல்லாமல் 8-ஆம் பின்னில் மாட்டினேன், நன்றாகத்தான் எரிகிறது. எதற்கு ரெசிஸ்டர்?

பதில்: இன்றைக்கு எரிகிறது. எல்இடி தானாக மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது, கிடைப்பதை எல்லாம் இழுக்கும். ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லிஆம்பியர்தான் நல்லது. 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். பின் தரும் 5 வோல்ட்டில் மிச்சம் 3 வோல்ட். 220 ஓம் போட்டால் 3-ஐ 220-ஆல் வகுத்து ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர். போதும்.

கேள்வி: பட்டனை அழுத்தாதபோதே எல்இடி மினுக்குகிறது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மோசம். போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, பின் மிதக்கிறது. பட்டன் திறந்திருக்கும்போது அந்தப் பின் எதனோடும் சேர்ந்திருக்காது. 5 வோல்ட்டும் இல்லை, கிரவுண்டும் (0 வோல்ட் முனை) இல்லை. அப்போது அது ஆன்டெனா மாதிரிச் சுற்றியுள்ள மின் இரைச்சலை எல்லாம் வாங்கும். உங்கள் கையும் அந்த இரைச்சலில் சேர்த்தி. நிரலில் பின்மோட் (pinMode) கட்டளையில் இன்புட் (INPUT) என்பதற்குப் பதில் இன்புட் புல்அப் (INPUT_PULLUP) என்று கொடுங்கள், பட்டனின் மறுமுனையை கிரவுண்டில் மாட்டுங்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டர் பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இனி எல்லாம் தலைகீழ். அழுத்தினால் லோ (0 வோல்ட்), விட்டால் ஹை (5 வோல்ட்). நிரலில் அதை மாற்றாமல் விட்டுவிட்டு மறுபடி இங்கே வந்து கேட்பவர்கள் நிறைய.

கேள்வி: எல்இடி ஒரு நொடிக்கு ஒருமுறை மினுங்க வேண்டும், அதே நேரம் பட்டனும் வேலை செய்ய வேண்டும். பட்டன் சில சமயம்தான் கேட்கிறது.

பதில்: நிரலைக் காத்திருக்க வைக்கும் டிலே (delay) கட்டளை போட்டிருப்பீர்கள். டிலே ஓடும்போது உங்கள் நிரல் வேறு எதையும் பார்க்காது. அந்த நேரத்தில் பட்டனை அழுத்தி எடுத்துவிட்டால் போனது போனதுதான். போர்டு தொடங்கி எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும் மில்லிஸ் (millis) பயன்படுத்துங்கள். கடைசியாக எப்போது மினுங்கியது என்று குறித்துவைத்து, லூப் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) சுற்றும் ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். 1000 ஆகியிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் பட்டனைப் பார்க்கப் போங்கள். நேரத்தை இன்ட் (int) என்ற சிறிய எண் வகையில் வைக்காதீர்கள். ஊனோவில் இன்ட் 32,767-உடன் நின்றுவிடும், அதாவது அரை நிமிடம் கொஞ்சம் தாண்டியதும் கணக்கு கெடும். பெரிய எண்களைத் தாங்கும் அன்சைன்ட் லாங் (unsigned long) வேண்டும். மில்லிஸ் சுமார் 50 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். கழித்துப் பார்க்கும் முறையில் எழுதியிருந்தால் அதுவும் பாதிக்காது.

கேள்வி: சின்ன மோட்டாரைப் பின்னில் நேரே மாட்டலாமா சார்?

பதில்: கூடாது. மோட்டார் டிரைவர் போர்டும் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் தனிச் சுற்று) தனி பேட்டரியும் வேண்டும். பேட்டரியின் கிரவுண்டையும் ஊனோவின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் மானிட்டரில் புரியாத குறிகளாக வருகின்றன.

பதில்: நிரலில் சீரியல் பிகின் (Serial.begin) கட்டளையில் வேகம் 9600 என்றால் மானிட்டரில் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவிலும் 9600 இருக்க வேண்டும்.