சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: பெங்களூரு கேள்வி பதில்

தொழில்முறைச் சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும் கேட்டவை. பதில்கள் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-இன் கீழ் பதிவான சங்கங்களை வைத்துச் சொன்னவை.

ஜெயநகர்: எங்கள் தலைவரின் மைத்துனர் அச்சகம் வைத்திருக்கிறார். ஆண்டு மலரைக் குறைந்த விலைக்கு அடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா சார்?

கொடுக்கலாம், தலைவர் கை படாமல். பக்கங்கள், தாளின் ஜிஎஸ்எம் (தாள் எவ்வளவு கனம் என்ற அளவு), பிரதிகள், டெலிவரி தேதி எல்லாவற்றையும் செயலாளர் முதலில் எழுதட்டும். அதை வைத்து மூன்று இடங்களில் ஒரே கடைசித் தேதிக்கு மூடிய கவரில் கொட்டேஷன் வாங்குங்கள். கவரைப் பிரிக்கும் முன்பே தலைவர் உறவை எழுத்தில் தெரிவித்துவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதாது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கை தூக்குவார்கள். துணைத்தலைவர் கூட்டத்தை நடத்தட்டும். யார் தெரிவித்தார், எப்போது வெளியே போனார், யார் வாக்களித்தார் என்பதெல்லாம் மினிட்ஸில் வர வேண்டும். பில்லைச் சரிபார்ப்பதும் செக்கில் கையெழுத்துப் போடுவதும் வேறு ஆட்கள்.

கோளாறு பெரும்பாலும் முதல் ஆண்டில் வராது. அடுத்த ஆண்டு "போன தடவை கொடுத்தவர்தானே" என்று கொட்டேஷனே வாங்க மாட்டார்கள், "புரூஃப் திருத்தம்" என்று பில் ஏறும். வருமான வரிச் சலுகை பெற்ற சங்கம் என்றால் இன்னும் கவனம். நிர்வாகியின் உறவினருக்கு நியாய விலைக்கு மேல் பணம் போனால் சலுகைக்கே ஆபத்து. மனைவியின் சகோதரரும் அந்த உறவினர் பட்டியலில் உண்டு.

அல்சூர்: சம்பளம் வாங்காமல் உழைக்கும் தலைவரை வெளியே போகச் சொன்னால் நாளைக்கு யார் பொறுப்புக்கு வருவார்?

தலைவரின் நேர்மையைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. பின்னாளில் யாராவது கேட்டால், அவர் காட்டுவதற்கு அந்த மினிட்ஸ் ஒன்றுதான் இருக்கும். சம்பளம் வாங்காததால் அடுத்தவர் சந்தாவைச் செலவழிக்கும் உரிமை கூடிவிடாது.

ஒயிட்ஃபீல்டு: அல்சூர்க்காரர் சொல்வது சரி. நாங்கள் நாற்பது பேர், எல்லாரும் தெரிந்தவர்கள். இவ்வளவு சடங்கு எதற்கு?

எல்லாரும் தெரிந்தவர்களாக இருப்பதால்தான் எதிர்த்துக் கேட்கக் கூச்சம். சின்னச் சங்கத்தில் கேள்வி எழும்போதே நட்பு முறிந்துவிடும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்கப் படிவம் போதும்: என் தொழில், என் குடும்பத்தார் தொழில், சங்கத்தோடு எனக்குள்ள கொடுக்கல் வாங்கல். எல்லா நிர்வாகிகளும் எழுதினால் யாரையும் குறிவைத்ததாக ஆகாது.

அல்சூர்: படிவத்தில் எழுதியாகிவிட்டதே, பிறகு ஏன் வெளியே போக வேண்டும்?

தெரிவிப்பது ஒன்று, முடிவிலிருந்து விலகுவது இன்னொன்று. இரண்டும் வேண்டும். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

கோரமங்களா: உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் வெட்டி விலை குறைக்கிறார்கள். சங்கமே குறைந்தபட்சக் கட்டணத்தை நிர்ணயித்துத் தீர்மானம் போடலாமா?

கூடாது. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3 இதைத்தான் தடுக்கிறது. சங்கம் வழியாக விலை பேசினாலும் அது கூட்டுச் சதிதான். மருந்துக் கடைச் சங்கங்கள் பல இந்தச் சட்டத்தில் அபராதம் கட்டியிருக்கின்றன. பொறுப்பில் இருந்த நிர்வாகிகளும் தனிப்பட்ட முறையில் மாட்டலாம். "பரிந்துரை மட்டும்" என்று தலைப்பு வைத்தாலும், வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டாலும் தப்ப முடியாது. யாராவது பேச்செடுத்தால் தலைவர் உடனே நிறுத்தி, நிறுத்தியதை மினிட்ஸில் பதியுங்கள். மாதிரி ஒப்பந்தம் தயாரித்துக் கொடுக்கலாம். செலவுக் கணக்கு போடும் பயிற்சி நடத்தலாம். விலையை அவரவர் தனியாக முடிவு செய்யட்டும்.

ஆர்.டி. நகர்: இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் உறுப்பினர்களின் போன் நம்பர்கள் கேட்கிறார். சங்கத்துக்கு நன்கொடையும் தருவாராம்.

தராதீர்கள். சங்க வேலைக்கென்று கொடுத்த நம்பர் அது. அவருடைய நோட்டீஸை நீங்கள் அனுப்பலாம், அது விளம்பரம் என்று குறிப்பிட்டு.

இந்திராநகர்: தேர்தலில் மறுபடி நிற்கும் செயலாளர் உறுப்பினர் பட்டியலை வைத்துப் பிரசாரம் செய்யலாமா?

எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் ஒரே வசதி கிடைத்தால் செய்யலாம். இல்லையென்றால் கூடாது.

ஹெப்பால்: உறுப்பினர் பட்டியலை ஸ்பான்சருக்கு…

ஆர்.டி. நகருக்குச் சொன்னதுதான். ஸ்பான்சர் என்றாலும் அதே பதில்.

சிவாஜிநகர்: பொருளாளர் இரண்டு வருடமாகக் கணக்குக் காட்டவில்லை. என்ன செய்வது ஐயா?

தலைவருக்கும் பொருளாளருக்கும் எழுத்தில் கேளுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட், வவுச்சர், தணிக்கை அறிக்கை மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் பதிவாளரிடம் போயிருக்க வேண்டும். அங்கே என்ன தாக்கலாகியிருக்கிறது என்று பார்த்து, நகல் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, சங்கங்கள் பதிவுச் சட்டம் பிரிவு 25-இன் கீழ் பதிவாளரிடம் விசாரணை கோரலாம். கையெழுத்துப் போடுகிறவர்களின் சந்தா பாக்கியை முதலில் கட்டவையுங்கள். உறுப்பினரே இல்லை என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும்.

பனசங்கரி: ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.