உண்டியல் வேண்டாம், பிடி அரிசி போதும்

கேள்வி: அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்று கொண்டாடப்படும் ஈகை வாரத்துக்காகச் சென்ற ஆண்டு வகுப்பில் உண்டியல் வைத்தோம். சிலர் நூறு ரூபாய் போட்டார்கள். சிலரால் ஒரு ரூபாய்கூடக் கொண்டுவர முடியவில்லை. ஒரு மாணவி இரண்டு நாள் பள்ளிக்கே வரவில்லை. காரணம் உண்டியல்தான் என்று பிறகு தெரிந்தது. இந்த ஆண்டு எப்படி நடத்தலாம்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்த உண்டியலை எடுத்துவிடுங்கள். நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, டிசம்பர் 7 கொடிநாளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டு வரிசையில் உரக்கப் படித்தார். என் பெயர் வந்ததும் “இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இன்றும் காதில் நிற்கிறது. படைவீரர் நலனுக்காக 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் அந்த நாளின் நோக்கத்தில் குறையேதும் இல்லை. பிள்ளைகளின் நடுவே பணத்தை எண்ணியதுதான் குறை.

பணத்துக்குப் பதிலாகப் பிடி அரிசியைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிதன்று. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. நிலமற்றவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்தை 1951-இல் தொடங்கிய வினோபா பாவே, பின்னர் ‘சர்வோதய பாத்திரம்’ என்ற ஒன்றை வீடுதோறும் வைக்கச் சொன்னார். அதில் நாள்தோறும் தானியம் இடவேண்டியது வீட்டின் சிறு குழந்தையின் கை என்று அவர் வற்புறுத்தியதில் ஆழமான பொருள் இருப்பதாக நான் கருதுகிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கையும் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளையின் கையும் ஏறக்குறைய ஒரே அளவுதானே!

நடைமுறையில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலந்துவிட்டால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும். ஆகவே மூடியுள்ள இரண்டு தூக்குவாளிகள் வையுங்கள். ரேஷன் அரிசியும் கடையில் வாங்கிய பொன்னியும் ஒரே வாளியில் விழட்டும். அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். வீட்டில் அரிசிப் பானை காலியாக இருக்கும் நாள் சில பிள்ளைகளுக்கு வரும். அதற்காக வாளிக்கு அருகே உங்கள் செலவில் ஒரு பை அரிசி இருக்கட்டும். எந்தப் பிள்ளையும், எந்த விளக்கமும் சொல்லாமல், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி வாளியில் போடலாம் என்று முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

பாடம் இந்த வாளியிலேயே இருக்கிறது. தராசு ஒன்றைக் கொண்டுவந்து, தன் பிடி எத்தனை கிராம் இருக்கும் என்று ஒவ்வொருவரையும் முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு நிறுத்துப் பார்க்கட்டும். ஒரு பிடி 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 பிள்ளைகள் ஐந்து நாளில் சேர்ப்பது 4,500 கிராம், அதாவது நாலரைக் கிலோ. அது எத்தனை பேருக்குச் சோறாகும் என்பதை நீங்களே சொல்லிவிடாமல், சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டுவரும்படி அனுப்புங்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்று அவர் சொல்வார். தங்கள் கைகளால் 45 பேர் ஒரு வேளை உண்ண முடியும் என்பதை வகுத்துக் கண்டுபிடிக்கும் பிள்ளை, கிலோகிராம் கணக்கை மறக்காது. அந்தச் சத்துணவைத் தாங்களும் நாள்தோறும் உண்பதால், வாங்குபவர் தாழ்ந்தவர் அல்லர் என்பதும் அப்போது பேச்சோடு பேச்சாகப் புரியும்.

முறத்தில் கல் பொறுக்குவதும், சேர்ந்த அரிசியைப் பெறப்போகும் முதியோர் இல்லம் ஒன்றுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்பதும் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். அரிசியை ஒப்படைக்கும்போது புகைப்படம் எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்த வாரம் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையோடு மோதும். பள்ளி திறந்த பிறகு வரும் ஐந்து நாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் பள்ளியில், ஈகை வாரத்தில் அதிகம் கொடுப்பவருக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அதற்காக அவன் என்னிடம் பணம் கேட்டு அடம்பிடிக்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் தரும் பணம் உங்கள் ஈகையே தவிர, அவனுடையது ஆகாது. சான்றிதழ் தருவதென்றால் வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒன்றே தரும்படி பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்; உங்களைப் போலவே நினைக்கும் வேறு சிலரும் அங்கே இருப்பார்கள். வீட்டில், அவன் காலுக்குச் சிறிதாகிவிட்ட செருப்பு இருந்தால் அதை அவனே கழுவிக் காயவைக்கட்டும். வார் அறுந்திருந்தால் இருவருமாகச் செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்த் தைத்து வாங்குங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.