கர்ப்பப்பைக்குள் பாலிப் இருந்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டுமா?

வயது 43, உள்ளே பாலிப் (கர்ப்பப்பையின் உள்படலத்தில் வளரும் சதைத் துணுக்கு), பேசாமல் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ "ரெண்டு பெத்தாச்சு, இனிமே அது எதுக்கு?" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு நாத்தனார் சொன்னார். மும்பை செம்பூரில் முதலில் பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

எனக்கு ஒரு பாலிப், கூடவே கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு ஒரு சின்ன ஃபைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி. மாதவிடாய் நாட்களில் ரயிலில் லேடீஸ் பெட்டியில் சீட் கிடைத்தாலும் உட்கார மாட்டேன், எழுந்தால் கறை இருக்குமோ என்று பயம். ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. சயானில் பார்த்த இரண்டாவது டாக்டர் ஸ்கேனைப் புரட்டிவிட்டு, "எவ்வளவு பெரிசுங்கிறது அப்புறம், எங்கே இருக்குங்கிறதுதான் முதல்ல" என்றார். உள்ளறைக்குள் இருந்ததால் ஹிஸ்டரோஸ்கோபி, அதாவது கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தே எடுப்பது, போதும் என்றார்.

வயிற்றில் கத்தியே படவில்லை. கீழ் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, சலைனால் கர்ப்பப்பையை விரித்து, மின்சாரக் கம்பி வளையத்தால் சீவி எடுக்கிறார்கள். மாதவிடாய் முடிந்த கையோடு வரச் சொன்னார்கள், அப்போதுதான் உள்படலம் மெல்லிசாக இருக்குமாம். உள்ளே போன சலைன் எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு என்று கணக்கு வைக்க ஒரு நர்ஸ். ரத்தத்தில் அதிகம் ஏறிவிட்டால் ஆபத்து. ஃபார்மலின் பாட்டிலில் ஊறின திராட்சை மாதிரி கிடந்ததை என் கணவரிடம் காட்டி பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சாயங்காலமே வீடு. ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை.

நான் டாக்டர் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். கட்டி தசைக்குள் ஆழமாக இருந்தாலோ, புற்றுநோய் சந்தேகம் இருந்தாலோ கதையே வேறு. பாலிப் திரும்ப வரவும் வரலாம். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களையும் குறை சொல்லவில்லை, என் அக்காவுக்கு எடுத்துத்தான் நிம்மதி வந்தது.

எனக்கு இன்னும் ஆறாதது இன்ஷூரன்ஸ்தான். 24 மணி நேரம் அட்மிட் ஆகவில்லை என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள். மருத்துவம் முன்னேறியதால் ஒரே நாளில் முடியும் சிகிச்சைக்குத்தான் டே கேர் என்றே பெயர், பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு நாலு நாள் படுத்திருந்தால் முணுமுணுக்காமல் கொடுத்திருப்பார்கள் போல! நீங்கள் அட்மிட் ஆவதற்கு முன்பே அப்ரூவலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.