“மனைவி அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்”

கேள்வி: எனக்கு வயது 32. கல்யாணத்துக்கு முந்தைய ஒரு தொடர்பால் நான்கு வருடத்துக்கு முன் பிறப்புறுப்பில் கொப்புளம் வந்தது. தோல் டாக்டர் ‘ஜெனிட்டல் ஹெர்பீஸ்’ என்றார். வருடத்துக்கு நான்கைந்து தடவை திரும்ப வருகிறது. மெடிக்கலில் ட்யூப் வாங்கித் தடவுகிறேன். 48 நாளில் வேரோடு போக்கும் லேகியம் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். 18 ஆயிரம் ரூபாயாம். வாங்கலாமா? முழுசாகக் குணமாகுமா? மனைவிக்கு இது தெரியாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், அதனால் இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை. சனி, ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். இந்தக் கிருமி முதுகுத்தண்டின் அடிப்பக்கம் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து அதை வெளியேற்ற எந்த வைத்திய முறையிலும் இன்றுவரை மருந்து கிடையாது. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லேகியத்தைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஏழாம் மாதம், சனி, ஞாயிறு. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. இப்போதைக்குக் கவலை இல்லை என்கிறீர்கள். கவலைப்பட வேண்டிய காலமே இதுதான்.

உங்கள் மனைவிக்கு இந்தக் கிருமி இதுவரை தொற்றாமல் இருந்து, பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் முதன்முறையாகத் தொற்றினால், சுகப்பிரசவத்தின்போது குழந்தைக்குப் போக 30 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. பழைய தொற்றுள்ள தாய்க்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. அவள் உடம்பில் உருவான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். புதிதாகத் தொற்றியவளுக்கு அதற்கு அவகாசமே இருக்காது. பச்சைக் குழந்தையின் மூளைக்கும் ஈரலுக்கும் இது பரவினால் உயிரே போகலாம். பிழைத்தாலும் வலிப்பு, வளர்ச்சிக் குறைவு என்று வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

‘கொப்புளம் இருந்தால் நான் நெருங்குவதே இல்லை’ என்று சொல்லாதீர்கள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நாளிலும் தோலில் கிருமி வெளிப்படும். தொற்றுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட நாட்களில்தான் நடக்கின்றன. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், மூடாத இடத்தை அது காக்காது. ஆகவே பிரசவம் வரை உறவு வேண்டாம், வாய்வழி உறவும் வேண்டாம்.

இனி, அவளிடம் சொல்ல வேண்டும். இந்த வாரமே, நேரில். உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இது தெரிய வேண்டியதில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளிடம் மறைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ‘நிறைமாதத்தில் மனசைக் கஷ்டப்படுத்தலாமா’ என்று கேட்கும் ஆண்கள் பலர். அது அவள் மேல் உள்ள கரிசனம் இல்லை, தன் மானத்தைப் பற்றிய பயம். அழுவாள், ஒருவேளை பேசாமலும் இருப்பாள். இருக்கட்டும், தாங்கிக்கொள்ளுங்கள்.

சொன்ன கையோடு இருவரும் அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஹெர்பீஸ் கிருமியின் இரு வகைகளான எச்.எஸ்.வி. 1, 2 இரண்டுக்கும் தனித்தனியாக ஐ.ஜி.ஜி. (எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம், அதை நம்ப முடியாது. ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்று வந்தாலும் துள்ளாதீர்கள். புதுத் தொற்று ரத்தத்தில் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். அவளுக்கு எரிச்சல், புண், நீர்க்கடுப்பு, தொடை இடுக்கில் நெறிகட்டுதல் ஏதாவது இருந்தால் அன்றே காட்ட வேண்டும். ஈரமான புதுப் புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், காய்ந்த பொருக்கில் தெரியாமல் போகலாம். அவளுக்கு ஏற்கெனவே பிறப்புறுப்பில் ஹெர்பீஸ் உண்டு என்று உறுதியானால் 36-வது வாரத்திலிருந்து, இந்தக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை 400 மில்லிகிராம் தினம் மூன்று வேளை கொடுப்பது வழக்கம். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அது கிளம்பும் அறிகுறியோ இருந்தால் சிசேரியன். இதையெல்லாம் முடிவு செய்ய வேண்டிய மருத்துவருக்கு விஷயமே தெரியாமல் வைத்திருக்கிறீர்கள்!

உங்கள் வைத்தியத்துக்கு வருகிறேன். ட்யூபைத் தூக்கிப் போடுங்கள், மேலே தடவுவதில் பெரிதாகப் பலன் இல்லை. மாத்திரைதான் வேலை செய்யும், அதுவும் சீக்கிரம் போட்டால். கொப்புளம் வருமுன் அந்த இடத்தில் சுருக்கென்று குத்தலோ தொடையில் இழுப்போ தெரியும் அல்லவா? அப்போதே தொடங்க வேண்டும்: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை, ஐந்து நாள். டாக்டரிடம் மருந்துச் சீட்டு முன்கூட்டியே வாங்கி மாத்திரையைக் கையில் வைத்திருங்கள். வருடத்துக்கு நான்கைந்து தடவை வருவதாலும் வீட்டில் கர்ப்பிணி இருப்பதாலும் தினசரி மாத்திரை பற்றிக் கேளுங்கள்: அசைக்ளோவிர் 400 காலை, இரவு, அல்லது வாலாசைக்ளோவிர் 500 ஒரு வேளை. இந்த வாலாசைக்ளோவிர் துணைக்குத் தொற்றும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்குகிறது. பாதிதான், முழுசாக அல்ல. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், மறைக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கானது) பரிசோதனைகளும் செய்துகொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் காசு இல்லாமல் பார்ப்பார்கள். தயக்கமாக இருந்தால் முதலில் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யலாம்.

குழந்தை பிறந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், பாட்டியே ஆனாலும், முத்தம் கொடுக்கக் கூடாது. மார்பில் புண் இல்லாதவரை தாய்ப்பாலுக்குத் தடையில்லை. முதல் ஆறு வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வெட்டியிழுப்போ வந்தாலோ, தோலிலோ கண்ணோரத்திலோ நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போனதும் குழந்தை டாக்டரிடம் முதல் வார்த்தையாக ‘அப்பாவுக்கு ஹெர்பீஸ் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கிருமித் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் ஏற்றுவார்கள். அசைக்ளோவிர் ஊசி தொடங்க வேண்டிய நேரம் போய்விடும்.