விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா?

2015இல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை, லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போடவா, கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் புதியது வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் லினக்ஸ். செலவில்லையே!

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். ஆக, உங்கள் கணினி கெட்டுப்போகவில்லை, விண்டோஸ் 11 ஏற்கும் கணினிகளின் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். அதைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை வருகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்; பிராட்காம் நிறுவனத்தின் சில வைஃபை சில்லுகள் அடம்பிடிக்கும். சரி என்றால் கோப்புகளை வேறெங்காவது நகலெடுத்துவிட்டு நிறுவுங்கள். இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால் லோயாட்டில் அதற்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) மட்டும் வாங்குங்கள். வேகம் கூடுவது பெரும்பாலும் அதனால்தான், லினக்ஸால் அல்ல (லினக்ஸ் ரசிகர்கள் கோபிக்க வேண்டாம்).

தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். வருமான வரி இ-ஃபைலிங் உலாவியிலேயே நடக்கும். ஆனால் லினக்ஸில் நேரடியாக ஓடாத ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால் புதியதையே வாங்குங்கள்.