கேள்வி நேரம்: அஸ்டெகாவில் கூடிய கூட்டம்

கே: பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை 1991-இல் சீனாவில்தான் ஆரம்பித்தது என்று ஒரு வினாடி வினாவில் சொல்லிப் பரிசு வாங்கினேன். என் மகளோ, 1971-லேயே மெக்சிகோவில் நடந்துவிட்டது என்கிறாள். பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?
(வாசகர், சிவகாசி)

ப: வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் கணக்கில் நீங்கள் சொன்னதுதான் விடை. ஆனால் மகள் சொல்வதும் நிஜம்.

1971 ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 5 வரை மெக்சிகோ சிட்டியிலும் குவாதலஹாராவிலும் ஆறு நாடுகள் ஆடின: மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி. இறுதி ஆட்டம் அஸ்டெகா ஸ்டேடியத்தில். முந்தைய வருஷம் பெலேயின் பிரேசில் இத்தாலியை 4-1 என்று சாத்திக் கோப்பையைத் தூக்கியதே, அதே மைதானம்தான். அன்றைக்கு வந்த கூட்டம் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் என்கிறார்கள். அதற்குப் பிறகு பெண்கள் ஆட்டத்துக்கு வந்த பெரிய கூட்டங்கள் என்று பார்த்தால், 1999 உலகக் கோப்பை இறுதிக்கு அமெரிக்காவில் 90,185 பேர், 2022-இல் பார்சிலோனாவின் கேம்ப் நூவில் 91,648 பேர். அப்படியும் அஸ்டெகாவை யாரும் தொடவில்லை, ஆனால் அது 'அதிகாரபூர்வமற்ற' ஆட்டம் என்பதால் அதிகாரபூர்வமான சாதனைப் பட்டியல்களில் அதைத் தேடினாலும் கிடைக்காது!

டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை வென்றது. மூன்று கோலையும் போட்டது சுசான் அகஸ்டசன் என்ற 15 வயதுப் பெண். நம்மூரில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு டியூஷன் போகிற வயசு. லட்சம் பேர் எதிரணிக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போது ஹாட்ரிக் அடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள், அங்கே டென்மார்க் கால்பந்து சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே அடுத்த வருஷம்தான்.

இதற்கும் முன்னால் 1970-இல் இத்தாலியில் ஒரு உலகக் கோப்பை நடந்தது. அதையும் டென்மார்க்தான் வென்றது, டூரின் நகரில் நடந்த இறுதியில் இத்தாலியை 2-0 என்று. ஆக, மகளுக்கும் ஒரு வருஷம் பிசகு. இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நேரமாவது வீடு அமைதியாக இருக்கும்.

கே: கோல் போஸ்டுக்கு ரோஸ் கலர் பெயின்ட் அடித்தார்களாமே?
(வாசகி, தேனி)

ப: அடித்தார்கள். ரோஸும் வெள்ளையும் பட்டை பட்டையாக. உடை மாற்றும் அறையிலேயே அழகு நிலையம், பேட்டிக்கு முன் பவுடர் பூச்சு என்றெல்லாம் அமைப்பாளர்கள் பேசினார்கள். பெண்கள் ஆடுகிறார்கள் என்றால் விளம்பரத்துக்கு வேறு யோசனையே தோன்றவில்லை போலிருக்கிறது. முதல் விசில் ஊதியதும் கம்பத்தின் கலரை யார் பார்த்தார்கள்?

கே: ஃபிஃபா ஏன் அங்கீகரிக்கவில்லை? அப்புறம் செலவை யார் ஏற்றார்கள்?
(வாசகர், கும்பகோணம்)

ப: செலவு பெரும்பாலும் மதுக் கம்பெனிப் பணம். இத்தாலியின் மார்ட்டினி அண்டு ராஸி. நடத்தியது ஐரோப்பாவில் சிலர் சேர்ந்து தொடங்கிய ஒரு தனிச் சங்கம், ஃபிஃபாவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மைதானம் கொடுத்தால் அபராதம் என்று மெக்சிகோ கால்பந்து சங்கம் கிளப்புகளை மிரட்டியது, ஆனால் அஸ்டெகா தனியார் கையில் இருந்தது. பெரிய ஸ்டேடியத்தைக் கட்டிவிட்டு ஆண்கள் உலகக் கோப்பை முடிந்ததும் காலியாகப் போட்டுவைத்தால் எந்த முதலாளிக்குத்தான் தூக்கம் வரும்?

காரணம் ஃபிஃபாவோடு மட்டும் முடியவில்லை. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு என்று சொல்லி இங்கிலாந்து கால்பந்து சங்கம் 1921 டிசம்பரில் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னால்தான், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், லிவர்பூலில் டிக் கெர் அணிப் பெண்களின் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்திருந்தார்கள். கூட்டம் வரவில்லை என்று மூடவில்லை, கவனியுங்கள். பிரேசிலில் 1941-லிருந்து 1979 வரை சட்டம் போட்டே தடுத்திருந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் 1970 வரை தடை. இப்படி ஆளாளுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலத்தில், ஆட வேண்டுமென்றால் வெளியேதான் ஆட வேண்டும்.

கே: இங்கிலாந்து அணியில் 13 வயதுச் சிறுமி ஆடினாளா? நம்ப முடியவில்லை.
(வாசகி, பாளையங்கோட்டை)

ப: நம்புங்கள். லீயா கேலப், வயது 13. ஹாரி பாட் என்பவர் தன் கிளப் பெண்களை முக்கியமாக வைத்து ஒரு அணி திரட்டி அழைத்துப் போனார். மெக்சிகோ விமான நிலையத்தில் இறங்கும்போது கேமரா வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்க, நம்மோடு யாரோ பெரிய நட்சத்திரம் இதே விமானத்தில் வந்திருக்கிறார் போல என்று இந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஆட்டத்தில் சோபிக்கவில்லை. மெக்சிகோவிடம் 4-0, அர்ஜென்டினாவிடம் 4-1. அதைவிட மோசம் ஊர் திரும்பியதும் நடந்தது. ஹாரி பாட்டுக்கு ஆயுள் தடை, ஆடிய பெண்களுக்கும் சில மாதத் தடை. தடை போட்டது ஆண்கள் சங்கம்கூட இல்லை, பெண்கள் கால்பந்துக்கென்று புதிதாகத் தொடங்கிய சங்கமே. பெரிய இடத்து மனம் கோணக்கூடாதே! லட்சம் பேர் பார்த்து ஆட்டோகிராஃப் வாங்கிய கதையை அந்தப் பெண்கள் பல வருஷம் வீட்டுக்கு வெளியே பேசவே இல்லை.

அந்த 4-1 ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் நான்கு கோலும் எல்பா செல்வா போட்டவை. பயிற்சியாளர் இல்லாமல், ஒழுங்கான பூட்ஸ்கூட இல்லாமல் வந்த அணி அது. பூட்ஸே மெக்சிகோவில் கொடுத்ததுதான், ஆணி வைத்த பூட்ஸை மாட்டிப் பழகவே அவர்களுக்கு நேரம் வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த ஆட்டம் நடந்த ஆகஸ்ட் 21-ஐ அர்ஜென்டினாவில் கால்பந்து வீராங்கனைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கே: மெக்சிகோ பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பணம் கேட்டு முரண்டு பிடித்தார்களாமே. பேராசை இல்லையா?
(வாசகர், வேலூர்)

ப: டிக்கெட் விற்றவர், டிவி காட்டியவர், பொம்மை விற்றவர் எல்லாருக்கும் காசு. ஓடியவர்களுக்கு மட்டும் கைதட்டல். அணி முழுவதற்கும் சேர்த்து 20 லட்சம் பெசோ கேட்டார்கள், பத்திரிகைகள் உங்களை மாதிரியே திட்டின, கடைசியில் கோரிக்கையைக் கைவிட்டு இறங்கி ஆடினார்கள். உங்கள் ஆபீஸில் போனஸ் கேட்பதும் பேராசையா சார்?

கே: இந்தியா அப்போது எங்கே இருந்தது?
(வாசகி, கோயம்புத்தூர்)

ப: 1971-இல் இந்தியாவுக்கு அணி இல்லை. ஆனால் பத்து வருஷம்கூட ஆகவில்லை, 1980 ஜனவரியில் உங்கள் ஊரிலிருந்து ராத்திரி ரயில் பிடித்தால் விடிவதற்குள் போய்விடக்கூடிய கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் கோப்பை நடந்தது, இந்தியா இறுதி வரை போய்த் தைவானிடம் தோற்றது. அதை நடத்தியதும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இல்லை, பெண்களுக்கென்று தனியாக இயங்கிய ஒரு அமைப்பு. பின்னாளில் அந்த அமைப்பைக் கூட்டமைப்பு தன்னோடு சேர்த்துக்கொண்டபோது பழைய கோப்பைகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது, அதனால் கோழிக்கோடு இன்று கணக்கில் இருக்கிறது. மெக்சிகோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1986-இல் நார்வேயின் எலன் வில்லே ஃபிஃபா மாநாட்டில் எழுந்து பெண்களுக்கு ஒரு உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார், அதன் பிறகுதான் 1991-இல் சீனாவில் நடத்தினார்கள். அவர் கேட்ட அந்த மாநாடு நடந்த ஊர் மெக்சிகோ சிட்டி.